ஒட்டாத கவர்

பழைய படத் தபால் அட்டைகளை மூலை மடங்காமல், அதிகம் செலவில்லாமல் அனுப்புவது எப்படி என்று போன மாதம் இந்தப் பக்கத்தில் எழுதினேன் அல்லவா? சாங்வியிலிருந்து ஒரு வாசகர் போன் செய்தார்.

“ஏக்தம் பக்கா பேக்கிங் சார்! மெட்ராசுக்கு அப்படியே போய்ச் சேர்ந்துடுச்சு. ஆனா வாங்கினவர்தான்... ‘கூட ஒரு வரி எழுதக் கூடாதா’ன்னு கேட்டுட்டார்.”

சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் முறை தெரியாதவர்களுக்கு — அட்டையை மெல்லிய பிளாஸ்டிக் உறையில் போட வேண்டும். இரண்டு பக்கமும் பழைய கல்யாணப் பத்திரிகை. அவ்வளவு விறைப்பான அட்டை இலவசமாக வேறு எங்கே கிடைக்கும்? கவரை ஒட்டாமல் வாயை உள்ளே மடித்து, மேலே ‘புக் போஸ்ட்’ என்று எழுதினால் தபால் செலவு குறைவு. ஒரே நிபந்தனை, உள்ளே கடிதம் இருக்கக் கூடாது.

தொண்ணூறுகளில் அருள்ராஜுக்கு இப்படித்தான் அனுப்பினேன். இங்கே வானவடியில் எனக்கு அடுத்த வீட்டுக்காரர். ரிடையர் ஆனதும் மனைவி ஞானத்துடன் பாளையங்கோட்டைக்குப் போய்விட்டார். பழைய ரயில், பாலம் படங்கள் என்றால் இருவருக்கும் பைத்தியம். அவர் அட்டையோடு நாலு பக்கம் எழுதுவார். நான்... அட்டை மட்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எஸ்.டி.டி.யில் கூப்பிட்டார்.

“என்னவே, கவருக்குள்ள ஒரு எழுத்தக் காணுமே?”

“எழுதினா லெட்டர் ரேட் ஆயிடும்யா.”

“நல்ல கஞ்சன்வே நீரு! உம்ம மச்சினன் மகளுக்குக் கல்யாணம்னு அந்தப் பத்திரிகை அட்டையப் பாத்துல்லா தெரிஞ்சுக்கிட்டேன்!”

பின்னால் ஞானம் சிரிப்பது கேட்டது.

அந்த ஞானம் இறந்துவிட்டதாக ஒரு மழைக்காலத்தில் அவரிடமிருந்து கடிதம் வந்தது. தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என்ன எழுதுவது? ஒன்றும் வரவில்லை. என்னிடம் இருந்ததிலேயே நல்ல அட்டை, கண்டாலாவில் மலையேறும் நீராவி ரயில். அவர் எத்தனையோ முறை கேட்டும் நான் தராதது. அதை எடுத்து, வழக்கம்போல் பேக் செய்து அனுப்பினேன். அவருக்குப் புரியும் என்று நினைத்தேன்.

சில நாளில், அவர் கையெழுத்தில் என் விலாசத்தோடு அது திரும்பி வந்தது. அதே பிளாஸ்டிக். அதே அட்டைகள். ஒட்டாத கவர். ஒரு மூலை மடங்கவில்லை. உள்ளே ஒரு எழுத்தும் இல்லை.

அப்போதுதான் அந்தப் பத்திரிகை அட்டைகளைப் பார்த்தேன். நான்கு மூலையிலும் மஞ்சள். நடுவில் தங்க எழுத்தில் ‘சுபமுகூர்த்தம்’.

துக்க வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன்!

மன்னிப்பாவது கேட்டேனா? இல்லை. வெட்கம். நாளை எழுதலாம், நாளை எழுதலாம் என்று வருடங்கள் போய்விட்டன. இன்றும் கேட்டருகே தபால்காரரின் சைக்கிள் நின்றால், நாலு பக்கக் கடிதத்தின் கனத்தைக் கை தேடுகிறது.

சாங்விக்காரர் போனை வைத்ததும் அந்த ரயில் அட்டையை எடுத்தேன். பின்பக்கத்தில் எழுதினேன். ‘உமக்கு மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை அனுப்பியது என் புத்திகெட்டதனம். ஞானம் போனில் சிரித்தது எனக்கு இன்னும் கேட்கிறது. நீர் எப்படி இருக்கிறீர்?’ விலாசம் எழுதி ஸ்டாம்பு ஒட்டினேன்.

“கவர் போடலையா? மழை கொட்டறது. எழுத்தெல்லாம் கரைஞ்சிடும்” என்றாள் மனைவி.

“பால்பாயிண்ட்லதான் எழுதியிருக்கேன்.”

அழுத்தி எழுதியதில் ரயிலின் மேல் எழுத்துகள் புடைத்துத் தெரிகின்றன. சேகரிப்பவர்கள் கணக்கில் அட்டை பாழ்.

போய்ச் சேர்ந்தால் போதும்.