ரோசி ஏன் உறுமினாள்?

பிள்ளைகளே, எங்கள் நாய் ரோசி தன் குட்டிகளைப் பார்த்து உறுமியபோது நீங்கள் அழுதீர்கள். அவளைப் புரட்டிப் பார்த்தேன். முலைகளைச் சுற்றித் தோல் சிவந்து கொப்புளித்திருந்தது.

"உது சொறி. வாகனத்துக் கழிவு ஒயிலைப் பூசு, இல்லாட்டி சந்தையடியிலை விட்டிட்டு வா," என்றார் பக்கத்துத் தோட்டத்து அண்ணை.

நான் ஒயில் போத்தலைத் திறந்துவிட்டேன். உங்கள் அம்மாதான் தடுத்தார்.

"இஞ்சருங்கோ, அது குட்டியள் வாய் வைக்கிற இடமெல்லோ?"

மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம்.

"முதுகு நல்லாத்தானே இருக்கு, வயிறு மட்டும் எரிஞ்சிருக்கு. எங்கை படுக்கிறது?" என்று கேட்டார்.

"வெங்காயப் பாத்தியிலை. ஈரம் குளிர்மையெல்லோ," என்றேன்.

"பூச்சிமருந்து அடிச்ச பாத்தியோ அண்ணை?"

"ஓம்," என்றேன். அடித்ததே நான்தான். மருந்து எரித்த இடத்தில் குட்டிகள் வாய் வைத்ததும் வலி தாங்காமல்தான் ரோசி உறுமியிருக்கிறாள்.

வயிற்றை நல்ல தண்ணீரில் கழுவி, அவர் தந்த களிம்பைப் பூசினோம். புண் ஆறும்வரை குட்டிகளுக்குப் போத்தலில் பால் கொடுத்தோம். இப்போது மருந்தடிக்கும் நாட்களில் ரோசியைத் தோட்டத்துக்குள் விடுவதில்லை. அடிக்கடி வயிற்றையும் புரட்டிப் பார்க்கிறேன்.

அவள் குட்டிகளுக்கு மறுபடி பால் கொடுத்த அன்று, நீங்கள் பள்ளிக்கூடம் போனபின், கிணற்றடி மாமரத்தின் கீழ் ரோசி படுக்க மணல் பரப்பினேன். ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, பாத்தியளவு குளிர்கிறதா என்று கையை வைத்துப் பார்த்தேன்.