கோபத்தோடு ஜெபித்தவள்

தென்னையிலிருந்து விழுந்த நாள்முதல் ஆசீர் படுக்கைதான். அவர் எழுந்து நடக்க வேண்டுமென்று மனைவி பாக்கியசீலி ஆறு வருடமாக ஜெபித்தாள். அவர் நடக்கவில்லை, கோயில் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் தொடங்கிவிட்டார்.

மார்கழி மழையில் தாமிரபரணி ஊருக்குள் வந்தது. அக்கம்பக்கத்தார் அவரை மொட்டைமாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் விடியலில் மழை ஓய்ந்திருந்தது. தெருவும் வயலும் தெரியவில்லை. எங்கும் தண்ணீரும் பனியும்தான். வாழைத்தார்கள் சத்தமில்லாமல் மிதந்து போயின. தூரத்தில் சிலுவையோடு கோயில் கோபுரம் மட்டும் நங்கூரமிட்ட தோணிபோல நின்றது. இன்னும் உறக்கத்தில்தான் இருக்கிறோமோ என்று பாக்கியசீலிக்குத் தோன்றியது. அப்படியே கண்மூடி முணுமுணுத்தாள்.

"இன்னுமா ஜெபம் பண்ணுத?" ஆசீரின் குரல் கசந்தது.

"சண்டைதான் போடுதேன். சண்டைன்னாலும் அவருகிட்டத்தானே போடணும்? வேற யாரு இருக்கா எனக்கு?"

அவர் தலையைத் திருப்பி, தூரத்துக் கோபுரத்தைப் பார்த்தார்.

வெள்ளம் வடிந்த ஞாயிறன்று, கோயிலில் சேறு அள்ள அவள் மண்வெட்டியோடு கிளம்பினாள்.

"ஏட்டி, என்னையும் அங்கன கூட்டிட்டுப் போ," என்றார் ஆசீர். "எனக்கும் அவருகிட்ட கேக்க நெறய இருக்கு."

பாக்கியசீலி மூலையில் சேறு படிந்து கிடந்த சக்கர நாற்காலியைத் துடைத்து, அவரை உட்காரவைத்து, ஈரத் தெருவில் பைய உருட்டிக்கொண்டு போனாள்.