ரவுட்டருக்கு வைத்த சந்தனப் பொட்டு

போன வருடம், கண்டிக்குப் பக்கத்தில் குண்டசாலையில் உள்ள எங்கள் வீட்டில் நடந்தது இது. அன்று என் கணவரின் தங்கைக்கு லண்டனில் கல்யாணம். மாமிக்கு விசா கிடைக்கவில்லை. மகளின் தாலிகட்டை இணையம் வழியாக டிவியிலாவது பார்க்கலாம் என்று, காலையிலேயே பட்டுச் சேலை உடுத்து, வாழ்த்தித் தூவும் அறுகரிசித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

முதல்நாள் மின்னலில் எங்கள் ரவுட்டர் படுத்துவிட்டது. வீடு பள்ளத்தில் இருப்பதால் போனுக்கும் சிக்னல் வராது. என்னவர் கணினி வேலைக்காரர், வாய்க்குக் குறைவில்லை. மென்பொருளைத் திரும்ப ஏற்றினால் சரி என்று மேட்டு ரோட்டுக்குப் போய்ப் போனில் இறக்கிக்கொண்டு வந்தார். முகம் மட்டும் நன்றாக இல்லை.

"வேர்ஷன் ரெண்டு, வேர்ஷன் மூண்டு எண்டு ரெண்டு இருக்கு, ரெண்டையும் இறக்கினனான். பேரும் ஒண்டு, படமும் ஒண்டு. மாறி ஏத்தினால் இது பிறகு எழும்பாது" என்றார்.

எங்களுடையது எது என்று பின்பக்க லேபிளில் இருக்க வேண்டும். ஆனால் ரவுட்டர் ஜன்னலோரம் நிற்பதால் லேபிள் வெயிலில் வெளுத்து வெறும் தாளாகிக் கிடந்தது. அதன் நடுவே சரஸ்வதி பூசைக்கு மாமி வைத்த சந்தனப் பொட்டு. கறுப்புப் பெட்டியில் நிற்காது என்று, வருடா வருடம் அந்த வெள்ளைத் தாளில் அதே இடத்தில்தான் வைப்பார்.

தாலிகட்டுக்கு அரை மணித்தியாலம்தான் இருந்தது. இவருக்கு எரிச்சல் தலைக்கேறிவிட்டது. "இதுக்குள்ள பொட்டு வேற! மெஷினுக்கு ஆராவது பொட்டு வைப்பினமோ?"

எனக்குக் கோபம் வந்தது. மாமியோ பதறி எழும்பி வந்தார். "கோவிக்காதை தம்பி, துடைச்சு விடுறன்" என்று, உடுத்திருப்பது பட்டு என்பதையும் மறந்து, முந்தானையை நனைத்து மெதுவாகத் துடைத்தார்.

"இஞ்ச பாருங்கோ!" என்று நான் கத்தியேவிட்டேன். பொட்டு மூடியிருந்த இடத்தில் வெயில் படவில்லை. வேர்ஷன் மூன்று என்று பளிச்செனத் தெரிந்தது.

பிறகென்ன, மூன்றுக்கு உரியதை ஏற்றினார். விளக்குகள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. கெட்டிமேளம் கேட்டதும் மாமி அழுதுகொண்டே டிவியை நோக்கி அறுகரிசியைத் தூவினார். பாதி ரவுட்டரின் மேல் விழுந்தது. தூசி பட்டாலே சத்தம் போடுகிற மனிதர், தானும் ஒரு பிடி அள்ளித் தூவினார்.

இந்த வருடப் பூசைக்கு ரவுட்டரைத் துடைத்து மாமியின் முன்னால் கொண்டுவந்து வைத்தவரும் அவர்தான். முந்தானையில் பட்ட சந்தனக் கறையைக் கழுவ மாமி விடுவதில்லை. அலுமாரியில் அந்தச் சேலையைப் பார்க்கும்போதெல்லாம், மாமி மகளின் கல்யாணத்துக்குப் போய்ச் சந்தனம் பூசிக்கொண்டு வந்திருக்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது.