களிமண்ணில் பதிந்த பிடி

நம்பாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். யாரையும் நம்ப வைத்து எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. 1973 மே 18, வெள்ளிக்கிழமை. மன்னார்குடியில், மண்டையைப் பிளக்கும் வெயிலில், பட்டப்பகலில் நடந்தது இது.

அன்று அண்ணன் இராஜாங்கத்தின் எலெக்ட்ரிக் கிடாரை ரிப்பேருக்குக் கொண்டுபோயிருந்தேன். சிங்கப்பூரிலிருந்து வந்த ஒருவரிடம் கெஞ்சிக் கூத்தாடி அவன் வாங்கிய சிவப்பு கிடார். அதைத் தொட யாருக்கும் அனுமதி கிடையாது, எனக்கும்தான். நாலு வருடத்துக்கு முன், அறுவடைக் கூலிக்காக அவனும் முன்நின்று வேலைநிறுத்தம் நடத்திய தை மாதம், ஒரு சாயங்காலம் வீட்டைவிட்டுப் போனவன் திரும்பவில்லை. பண்ணையாருக்குப் பயந்து பம்பாய்க்கு ஓடிவிட்டான் என்றார்கள். நானும் நம்பினேன். அம்மாவையும் என்னையும் பண்ணை ஆட்களிடம் அடிவாங்க விட்டுவிட்டு ஓடியவனைத் திட்டாத நாளில்லை. அம்மாவோ அவன் கடிதத்துக்காகத் தபால்காரரின் வழியைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கிடாரின் கழுத்து வளைந்துபோயிருந்தது. நிமிர்த்தினால் மட்டும் போதாது, என் கைக்கு ஏற்றபடி இழைத்தும் கொடுங்கள் என்றேன். அவன் பிடித்த பிடியே அதில் இருக்கக் கூடாது. அவ்வளவு கோபம்.

மரவேலை செய்யும் அப்துல் வஹாப் தந்திகளைக் கழற்றினார். கழுத்தைச் சுற்றி ஈரக் களிமண்ணை அப்பினார். எந்தக் கைப்பிடி செய்தாலும் முதலில் மண்ணில் பிடி எடுப்பது அவர் வழக்கம்.

"இறுக்கிப் பிடிங்க தம்பி. தடத்தைப் பாத்துத்தான் இழைப்பேன்."

பிடித்தேன். விட்டேன். என் ஐந்து விரலும் சுத்தமாகப் பதிந்திருந்தன.

"காயட்டும். ஜும்மாவுக்குப் போயிட்டு வந்துர்றேன். தொட்டுராதீங்க."

மணி 12.40. கடையில் நான் மட்டும் இருந்தேன்.

12.45.

டொய்ங்...

கிடாரில் தந்தியே இல்லை. ஆறு தந்தியும் சுருளாக ஆணியில் தொங்கின.

டொய்ங்... மறுபடியும்.

கிட்டே போனேன். காய ஆரம்பித்திருந்த மண்ணில் இப்போது தண்ணீர் சொட்டியது. சேற்று வாடை.

தடத்தைப் பார்த்தேன். சுண்டுவிரல் பாதிதான் இருந்தது.

எனக்குச் சுண்டுவிரல் முழுசாக இருக்கிறது. அண்ணனுக்குத்தான்... கதிர் அறுக்கும்போது அரிவாள் பட்டுப் பாதி போனது.

பயத்தைவிடக் கோபம்தான் முதலில் வந்தது.

"ஓடிப்போனவனுக்கு இதுல என்னடா பாத்தியதை?"

கத்திக்கொண்டே அந்தத் தடத்தின் மேல் என் கையை வைத்து அழுத்தினேன்.

மண்ணுக்குள்ளே...

விரல்கள்.

ஜில்லென்று.

என் கையைப் பிடித்துக்கொண்டன...

விடவில்லை.

1.25க்கு வஹாப் வந்து தண்ணீர் தெளித்து எழுப்பினார். கேட்க எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

"இந்த மண்ணு எங்க எடுத்தீங்க?"

"பண்ணைக் களத்துக்குப் பின்னால, வாய்க்கால்ல. நேத்துதான் வெட்டுனேன். ஏன் தம்பி?"

விவசாயக் கூலிகள் சங்கத்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் வெட்டிய குழியிலேயே மண்வெட்டியைப் போட்டோம்.

மூன்றடி ஆழத்தில் அண்ணன் கிடந்தான். வெறும் எலும்பு. இடது கை மட்டும் நேர் மேலே நீண்டிருந்தது. அதில் பாதிச் சுண்டுவிரல்.

பம்பாயாம்!

போலீஸ் வந்தது. பரிசோதித்த டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, செத்தவனைப் புதைத்தால் கை அப்படி நிற்காது என்றார். உயிரோடு புதைத்திருக்கிறார்கள்.

அவன் காணாமல் போன அன்று இரவு பண்ணைக் களத்தில் நெல்லுக்குக் காவல் இருந்தவர்கள் மூன்று பேர். அந்த இடத்துக்கும் களத்துக்கும் இருபதடி. விடியும்வரை ஒரு சத்தமும் கேட்கவில்லை என்று மூன்று பேரும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.