புகை வரும்வரை ஓட்டிப் பார்த்தவர்

அனைவருக்கும் தெரிவித்துக்கொள்வது: மூன்றாம் வகுப்பு அறிவியல் கணினிப் பாடத்தில் வரும் வாத்து, செவ்வாய்க்கிழமை காலை முதல் தலைகீழாக நீந்துகிறது. கண்டுபிடித்தவர், வேறு யார், அடியேன்தான்.

இந்த மாபெரும் செய்தியைச் சொல்லத்தான் கோகிலா அத்தைக்குப் போன் போட்டேன். எடுத்தது பரீதா டீச்சர். "கண்ணு, அத்தை போயிட்டாங்க" என்றார். நான் "எங்கீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

அத்தை என் அப்பாவின் தங்கை. சூலூரில் சைக்கிள் கடை மாடியில், பள்ளிகளுக்குக் கணினிப் பாடங்கள் செய்து தரும் கம்பெனியைத் தொடங்கிய இருவரில் ஒருவர். அதற்கு முன் அதே ஊரில் ஒரு பம்ப் கம்பெனியின் டெஸ்டிங் ஷெட்டில் இன்ஜினியர். புது மோட்டாரைப் புகை வரும்வரை ஓட்டிப் பார்ப்பதுதான் வேலை. "சம்பளம் குடுத்து நாசம் பண்ணச் சொன்னாங்க கண்ணு, உட முடியுமா?" என்பார்.

மற்றவர் பரீதா டீச்சர். கோவை கோட்டைமேட்டுக்காரர், அப்போது சூலூரில் வேதியியல் ஆசிரியை. ஒரு சாயங்காலம் பேருந்தில் மடியில் வைத்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாராம். அத்தை பக்கத்து இருக்கையிலிருந்து எட்டிப் பார்த்திருக்கிறார்.

"ஏனுங்க டீச்சர், எல்லாப் புள்ளைங்களும் ஒரே கேள்வியிலதான் தப்புப் பண்ணியிருக்குது. எங்க ஷெட்டுல எல்லா மோட்டாரும் ஒரே எடத்துல புகைஞ்சா மோட்டாரைத் திட்ட மாட்டோமுங்க. டிசைனைத்தான் பாப்போம்."

"நீங்களும் டீச்சருங்களா?"

"இல்லீங்க, மோட்டாரு."

சிங்காநல்லூர் வரும்வரை டீச்சர் அந்தக் கேள்வியையே திரும்பத் திரும்பப் படித்தாராம். மறுநாள் பக்கத்தில் கைப்பையை வைத்து அத்தைக்கு இடம் பிடித்திருந்தார். கம்பெனி பிறந்தது அந்த இருக்கையில்தான்.

ஷெட்டின் சட்டம் இங்கேயும் வந்தது. நாசம் பண்ணிப் பார்க்காமல் எந்தப் பாடமும் வெளியே போகாது. நாசத்துக்கு ஆள் வேண்டுமே. கல்யாண வீட்டில் மைக்கைப் பிடித்து, மாப்பிள்ளையின் செருப்பு ஏலத்துக்கு வருவதாக நான் அறிவித்த மறுநாள் அத்தையிடமிருந்து அழைப்பு வந்தது. "ஏனுங்க சார், வாங்க. இதையும் புகைய வைங்க."

எல்லாப் பொத்தானையும் ஒன்றாக அழுத்துவேன். விடை கேட்டால் என் பெயரை எழுதுவேன். திரை உறைந்துபோனால் அத்தைக்கு ஆனந்தம்.

"எம் மருமவன் கெடுத்துப்போட்டானுங்க டீச்சர்."

"பெருமையச் சொல்றதப் பாரு."

அத்தை ஒரே ஒருமுறைதான் சிரிக்காமல் பேசினார். "நீ கெடுத்தா எனக்குச் சிரிப்பு. வகுப்புல ஒரு புள்ளை கையில இது நின்னுபோச்சுன்னா, அது தன்னையத்தான் மக்குன்னு நெனைச்சுக்கும்."

நோய் வந்தபின், சிகிச்சைக்கு நடுவே மின்சாரப் பாடத்துக்கு அவரே குரல் கொடுத்தார். திங்கட்கிழமை அது பள்ளிகளுக்குப் போகிறது. நேற்று டீச்சர் அதைச் சோதிக்க என்னை உட்கார வைத்தார். பதிவின் பாதியில் அத்தைக்கு இருமல். "இருங்க கண்ணு, ஒரு வாய் தண்ணி குடிச்சுக்கறேன்." படம் அப்படியே நிற்கிறது. மடக் மடக்கென்று சத்தம். "ம்ம், எங்க உட்டோம்?"

வெட்ட மறந்த இடம். சட்டப்படி சொல்லியாக வேண்டும். சொன்னால் வெட்டிவிடுவார்கள்.

"என்னடா, ஏதாச்சும் புகைஞ்சுதா?"

என் கண்ணுக்குத் தப்பிய குறையே கிடையாது என்று ஊரெல்லாம் பீற்றியவன் நான். "இல்லீங்க டீச்சர். சுத்தமா இருக்குதுங்க" என்றேன்.

அவர் காதிலும் ஹெட்போன் இருந்தது. மெல்லக் கழற்றினார். "எனக்கும் ஒண்ணும் தட்டுப்படல" என்றார்.

ஆகவே, திங்கட்கிழமை பாடத்தைத் திறக்கும் தம்பி தங்கைகளே, நடுவில் கொஞ்சம் காத்திருக்க வேண்டிவரும். குறை உங்களுடையது அல்ல. இத்தனை பெரிய குறை கண்ணில் படாத, இந்த வேலைக்கே லாயக்கில்லாத என்னுடையது.

மெதுவாகவே குடிங்க, அத்தை.