கதவைத் திறந்த பாப்பா

இன்று எங்கள் எஸ்டேட் கிரச்சில் பிள்ளைகளுக்குக் கதை படிக்கக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெண் வந்தார். நான் அங்கே ஆயா.

கதையில் ஒரு யானை பசியோடு வந்து வீட்டுக் கதவைத் தட்டுகிறது. பாப்பா கதவைத் திறக்கிறாள்.

அந்த இடத்தில் அவர் யானை மாதிரி பிளிறிக் காட்டினார். நன்றாகவே பிளிறினார்.

ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு உள்சுவர் ஓரமாக ஒண்டிக்கொண்டன. நாலு வயது தர்ஷினி ஓடிப்போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் எட்டவில்லை. நான் போய்ப் போட்டேன்.

“ஏனுங்க்கா, நீங்களுமா? யானை நம்ம ஃப்ரெண்டுங்க. குழந்தைங்களை இப்படிப் பயமுறுத்தி வைக்கலாமா?”

“கதவைத் திறக்கறத மட்டும் விட்டுட்டுப் படிங்க கண்ணு.”

“கதைதானுங்க்கா!”

தர்ஷினி அவரிடம் மெதுவாகச் சொன்னாள்: “இந்த அத்தையூட்டு மாமா கதவத் திறந்தாருங்க. ஆனை மிதிச்சிருச்சு.”

போன மழையில்தான். வாழை முறிகிற சத்தம் கேட்டு என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

அந்தப் பெண் “சாரிங்க்கா” என்று புத்தகத்தைப் பையில் போட்டார். மீதியைப் படிக்காமலே ஜீப் ஏறிவிட்டார்.

சாயங்காலம் வரை பிள்ளைகள் என்னை விடவில்லை. “பாப்பா கதவத் திறந்தாளே, அப்புறம் என்னாச்சுங்க அத்தை?”

எனக்குத் தெரிந்த முடிவு ஒன்றுதான். அது அவர்களுக்கும் தெரியும், இருந்தும் கேட்கிறார்கள்.

கதவைத் திறந்தும் ஒன்றும் ஆகாத ஊரில் யாராவது இருந்தால், மீதிக் கதையை இந்தப் பதிவுக்குக் கீழே எழுதுங்கள். நாளைக்குப் படித்துக் காட்டுகிறேன்.