அறுபத்து நான்கு சத்தங்களும் ஒரு வட்டப் பற்றரியும்

சண்டை மறுபடி தொடங்கிய ஆண்டின் புரட்டாதி மாதம், ஒரு புதன்கிழமை மாலை நாலே முக்காலுக்கு அந்தக் கருவி எங்கள் வீட்டுக்கு வந்தது. நேரத்தை அன்றே குறித்து வைத்திருக்கிறேன். நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் வெள்ளைக்காரருக்கு வாசித்துக்கொண்டிருந்த ஒருவர், வெள்ளைக்காரர் வருவது நின்றுபோனதால் அதை விற்றுவிட்டுப் பிரான்சுக்குப் போக இருந்தார். ஓட்டோவின் பின் இருக்கையில் போர்வையால் சுற்றி, காய்ச்சல்காரரைப் போலச் சாய்த்து வைத்துக் கொண்டுவந்தேன்.

என் மனைவி விஞ்ஞானம் படிப்பிக்கிறவர். வாசலில் நின்று போர்வையை விலக்கிப் பார்த்தார்.

"என்ன இது, ஓகனோ?"

"சிந்தசைசர்."

"உங்களுக்கு வாசிக்கத் தெரியுமோ?"

"தெரியாது."

"அப்ப என்னத்துக்கு?"

"இதிலே புதுசாச் சத்தம் செய்யலாம்."

"திருகோணமலையிலே சத்தத்துக்கு இப்ப என்ன குறை?" என்றார். ஆனாலும் ஒரு பக்கத்தைத் தூக்கி உள்ளே வைக்க உதவினார். குளிர்சாதனப் பெட்டி வாங்கவென்று இருவரும் சேர்த்ததில் பெரும் பங்கு அதற்குப் போயிருந்தது. குளிர்சாதனப் பெட்டி வாங்கினாலும் மின்சாரம் இருக்கப்போவதில்லை என்பது என் வாதம். அதே மின்சாரம்தான் இதற்கும் வேண்டும் என்பதை அவர் அன்று சொல்லவில்லை, அடுத்த நாள் காலை சொன்னார்.

நான் ஓர்ஸ் ஹில் பகுதியில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் படம் வரைகிற வேலையில் இருந்தேன். வாய்க்கால், மதகு, அணைக்கட்டு. கோடு சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். இந்தக் கருவியிலும் எனக்குப் பிடித்தது அதுதான். அதற்குள் ஒரு சத்தம் என்பது சில டசின் எண்கள். ஓர் எண் சத்தத்தின் கூர்மையைச் சொல்லும், இன்னொன்று அது எவ்வளவு விரைவாக எழும்புகிறது என்பதை, இன்னொன்று எப்படித் தேய்கிறது என்பதை. எண்களை ஒவ்வொன்றாக மாற்றி, காதுக்குச் சரியென்று பட்டதும் ஒரு பொத்தானை அழுத்தினால் அது கருவியின் ஞாபகத்தில் இருந்துவிடும். இப்படி அறுபத்து நான்கு சத்தங்களை வைத்திருக்க இடம் இருந்தது.

பின்னர் வாங்கியவை, வாங்கிய ஒழுங்கில்: மின்னழுத்தம் ஏறி இறங்குவதைச் சமாளிக்க ஒரு ஸ்ரபிலைசர். அதன்பின் ஒரு ஹெட்போன். மாலையில் ரோந்து போகிறவர்கள் வீதியில் நிற்கும்போது, ஒரு வீட்டுக்குள்ளிருந்து இன்னதென்று சொல்ல முடியாத ஒலி ஒன்று கேட்பது நல்லதல்ல. ஆகவே முதல் வாரத்துக்குப் பிறகு நான் வெளியே கேட்கும்படி அதை இயக்கவில்லை.

ஸ்ரபிலைசரை விற்றவர் என் நண்பர். மூதூர்க்காரர், என் வயதுதான். மனைவி அவரை அண்ணன் முறையில் 'நானா' என்பார். பட்டினத்தில் சந்தைக்கு அருகே வானொலி, ரீவி திருத்துகிற கடை வைத்திருந்தார். காலையில் மூதூரிலிருந்து லாஞ்சில் கடலைக் கடந்து பட்டினத்து ஜெட்டியில் இறங்கி, பின்னேரம் கடைசி லாஞ்சில் திரும்புவார். லாஞ்சு ஓடாத நாளில் கடை பூட்டியிருக்கும்.

"மச்சான், ஊரிலே எல்லாரும் பழைய ரேடியோவிலே இரைச்சலைக் குறைச்சுத் தா எண்டு வாறானுகள். நீ ஒருத்தன்தான் இரைச்சல் வாங்குறதுக்குக் காசு குடுக்கிறாய்," என்பார்.

மூன்று வருடத்தில் அறுபத்து நான்கு இடமும் நிறைந்தது. ஒவ்வொன்றுக்கும் குறிப்பேட்டில் ஒரு வரி: இலக்கம், திகதி, நேரம், காலநிலை, பெயர். உதாரணத்துக்கு, ஒன்பதாவது: தை மாதம், சனி, பிற்பகல் மூன்றரை, மழை விட்ட பின், 'தகரக் கூரையிலிருந்து வடிதல்'. இருபத்து இரண்டாவது 'உட்துறைமுகத்தில் சங்கிலி இழுத்தல்'. முப்பத்து ஒன்று 'மூதூர் லாஞ்சு, ஜெட்டியை விட்டு விலகும்போது'. நாற்பதுக்குப் பிறகு வந்த சில எந்தப் பொருளின் சத்தத்தையும் போலிருக்காது. அவற்றுக்குக் கிழமையின் பெயரையே வைத்தேன்.

அறுபத்து ஐந்தாவதைச் செய்ய வேண்டுமென்றால் ஒன்றை அழிக்க வேண்டும். எனக்கு எதையும் அழிக்க மனமில்லை. அப்போது கொழும்பிலிருந்து வந்த ஒரு பழைய சஞ்சிகையில், கருவியின் ஞாபகத்தை அப்படியே கணினிக்கு எடுத்து டிஸ்கில் சேமித்து வைக்கும் மென்பொருள் ஒன்றைப் பற்றிப் படித்தேன். கொழும்பில், வெள்ளவத்தையில், வானொலி விளம்பரங்களுக்கு இசை செய்கிற ஒருவரிடம் அது இருப்பதாக அறிந்து கடிதம் எழுதினேன். கருவியைக் கொண்டுவந்தால் அரை மணித்தியாலத்தில் முடித்துத் தரலாம், மென்பொருளின் இன்னொரு பிரதியும் தன்னிடம் விலைக்கு இருக்கிறது என்று பதில் போட்டார்.

கருவியைக் கொண்டுபோவதற்கு, வழியில் சோதனைச் சாவடிகளில் காட்டக் கடிதம் வேண்டும். கிராம அலுவலரிடம் ஒன்று, என் அலுவலகத்தில் ஒன்று. நானே தட்டச்சுச் செய்தேன். நீளம், அகலம், நிறை, கட்டைகளின் எண்ணிக்கை, தொடர் இலக்கம். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைத்து, புறப்படுவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அடித்தகட்டைத் திறந்து பார்த்தேன்.

உள்ளே ஒரு பச்சைத் தகட்டின் மூலையில் காசு போன்ற ஒரு வட்டப் பற்றரி இருந்தது.

இந்த இடத்தில் அந்தக் கால வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சோதனைச் சாவடியைக் கடக்கிறவர்கள் ரோர்ச், வானொலி, கமரா எதுவானாலும் பற்றரியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டே போவார்கள். வயரும் பற்றரியும் ஒன்றாக ஒரு பொருளுக்குள் இருந்தால் கதை நீளும். சுவர்க் கடிகாரம் வாங்கிக்கொண்டு வந்த ஒருவர் அதனால் அரை நாள் வெயிலில் நின்றது எங்கள் ஒழுங்கையில் எல்லோருக்கும் தெரியும். பற்றரியைக் கண்டால் கை தானாகக் கழற்றும்.

கருவி மின்சாரத்தில் வேலை செய்கிறது. ஆகவே இந்தப் பற்றரி ஏதோ கடிகாரத்துக்காக இருக்கும் என்று எண்ணினேன். கருவியுடன் வழிகாட்டிப் புத்தகம் வரவில்லை, கருவியை விற்றவர் தந்த ஏழு போட்டோப் பிரதிப் பக்கங்களே இருந்தன. கேட்டிருக்கக்கூடிய ஒரே ஆள் மூதூரில் இருந்தார். அந்த வாரம் லாஞ்சு ஓடவில்லை.

பற்றரியைக் கழற்றி ஒரு தீப்பெட்டிக்குள் வைத்தேன். கடிதத்தின் கடைசியில் 'மின்கலம் அகற்றப்பட்டுள்ளது' என்று ஒரு வரி சேர்த்துத் தட்டச்சுச் செய்தேன். அந்த வரியில் எனக்குத் திருப்தி இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை ஐந்தே முக்கால் பஸ். கப்பல்துறையைத் தாண்டி ஒரு சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். கருவியைத் தோளில் வைத்துக்கொண்டு வரிசையில் நடந்தேன். மேசையில் இருந்த இளம் சிப்பாய் போர்வையை நீக்கினார். அவருடைய சிங்களத்தை நான் தமிழில் எழுதுகிறேன்.

"ஓகன்தானே?"

"ஓம்."

"கலியாண வீட்டுக்கா?"

"இல்லை, திருத்த வேலைக்கு." கடிதத்தை நீட்டினேன். அவர் அதைத் தலைகீழாகவும் ஒருமுறை திருப்பிப் பார்த்தார். கடைசி வரி வரைக்கும் போகவில்லை.

"என் தம்பியும் வாசிப்பான், விகாரையிலே," என்று ஒரு கட்டையை அழுத்திப் பார்த்தார். சத்தம் வரவில்லை. "போங்கள்," என்றார். எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம் ஆகவில்லை.

வெள்ளவத்தை வீட்டுக்குப் பின்னேரம் மூன்றேகாலுக்குப் போய்ச் சேர்ந்தேன். அவர் சோடா தந்தார். கருவியை மேசையில் வைத்துக் கணினியுடன் வயரால் இணைத்து, மின்சாரத்தைக் கொடுத்தார். சிறிய திரையில் எழுத்துகளும் குறிகளும் கலந்து ஏதேதோ வந்தன. ஒன்றாவது சத்தத்தை அழைத்தேன். கிறீச்சென்று ஒன்று கேட்டது. இரண்டாவதில் ஒன்றும் இல்லை. ஒன்பதாவதிலும் இல்லை. முப்பத்து ஒன்றில் ஒரு நீண்ட உறுமல், நிற்காமல்.

"இதுதான் உங்கட சத்தங்களோ?" என்று கேட்டார், மரியாதையாகத்தான்.

"இல்லை."

அவர் கருவியைச் சாய்த்து அடித்தகட்டின் திருகாணிகளைப் பார்த்தார். புதிதாகக் கழற்றிப் பூட்டிய கீறல் இருந்தது. "உள்ளுக்கு ஒரு பற்றரி இருக்குமே?"

"அது வீட்டிலே இருக்கு."

"வீட்டிலே?"

"தீப்பெட்டிக்குள்ளே."

அவர் கதிரையில் இருந்தார். "அண்ணை, அந்தப் பற்றரிதான் ஞாபகத்தைப் பிடிச்சு வைச்சிருக்கிறது. ஏன் கழற்றினீங்கள்?"

"செக்பொயின்ருக்கு."

"கேட்டவங்களோ?"

"இல்லை. கேக்கேல்லை."

"எண்கள் எங்கேயாவது எழுதி வைச்சிருக்கிறியளோ? எழுதியிருந்தால் திரும்பப் போடலாம்."

குறிப்பேடு என் பையில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். திகதி, நேரம், மழை, வெயில், கச்சான் காற்று, பெயர். எண்கள் ஒரு பக்கத்திலும் இல்லை. கருவிக்குள் பத்திரமாக இருப்பதை ஏன் மறுபடி எழுத வேண்டும் என்று நான் நினைத்திருந்தேன். "வடிவான கையெழுத்து," என்று சொல்லித் திருப்பித் தந்தார்.

அவரிடமிருந்து புதுப் பற்றரி ஒன்றும், அந்த மென்பொருளும் வாங்கிக்கொண்டு புதன்கிழமை திரும்பினேன். மென்பொருள் இரண்டு டிஸ்கில் இருந்தது. எங்களிடம் கணினி இருக்கவில்லை.

"மாடு இல்லாத வீட்டுக்கு மூக்கணாங்கயிறு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறியள்," என்றார் மனைவி. நடந்ததைச் சொன்னபோது சிரிக்கவில்லை. தீப்பெட்டியைத் திறந்து பற்றரியைப் பார்த்தார். "என்னட்டைக் கேட்டிருக்கலாம். நான் இதைப் பத்தாம் வகுப்புக்குப் படிப்பிக்கிறனான்," என்றார்.

கணினி வாங்க ஒன்றரை வருடம் பிடித்தது. அதுவும் பழையது. அந்த ஒன்றரை வருடமும் குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் தொடங்கி ஒவ்வொரு சத்தமாகத் திரும்பச் செய்ய முயன்றேன். பெயரை வாசித்து, அந்த நாளை நினைத்து, எண்களைத் தேடினேன். இந்த முறை ஒவ்வோர் எண்ணையும் எழுதினேன். ஆறுமாதத்தில் நாலு. பிறகு வேகம் குறைந்தது. ஏன் கிட்டவில்லை என்பதற்கு ஒரு காரணத்தைப் பின்னர் கண்டுபிடித்தேன். முன்பெல்லாம் நான் ஹெட்போனை ஒரு காதில் மட்டும் வைத்திருந்தேன். மற்றக் காது வீதிக்கு. வாகனம் நிற்கிறதா, நாய் குரைக்கிறதா என்று அது கேட்டுக்கொண்டிருக்கும். இப்போது சரியாகக் கேட்க வேண்டும் என்று இரண்டு காதிலும் மாட்டியிருந்தேன். ஒரு காதால் செய்ததை இரண்டு காதால் தேடினால் அது அகப்படவில்லை. மறுபடி ஒரு காதுக்கு மாறினேன். இன்னும் ஏழு வந்தன. மொத்தம் பதினொன்று.

அவை உண்மையில் பழையவைதானா என்ற சந்தேகம் எனக்குப் போகவில்லை. யாராவது ஓம் என்று சொல்ல வேண்டும்போல இருந்தது. கணினி வருவதற்கு முன், ஒரு வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டு, கருவியை ஓட்டோவில் ஏற்றி நண்பரின் கடைக்குக் கொண்டுபோனேன். பிற்பகல் இரண்டு மணி. அவர் ஒரு வானொலியின் வயிற்றைத் திறந்து வைத்திருந்தார்.

"மச்சான், இதைக் கேட்டுப்போட்டுச் சொல்லு. முந்தினது மாதிரி இருக்கோ எண்டு."

"முந்தினது எது?"

"கழற்றுறதுக்கு முந்தி இருந்தது."

அவர் ஈய உருக்கியைக் கீழே வைத்தார். "நான் அதைக் கேட்டதே இல்லையே. நீ எனக்கு ஒருநாளும் போட்டுக் காட்டேல்லையே மச்சான்."

உண்மைதான். மனைவிக்கும் போட்டுக் காட்டவில்லை. மூன்று வருடமாக அறுபத்து நான்கையும் கேட்ட காது ஒன்றே ஒன்றுதான்.

"சரி, இப்பப் போடு," என்றார். கடையின் பெரிய ஸ்பீக்கரில் வயரைச் செருகினார்.

"வெளியே கேக்கும்."

"கேக்கட்டும். இது ரேடியோக் கடை. இஞ்ச சத்தம் வராட்டித்தான் சந்தேகப்படுவானுகள்."

பதினொன்றையும் ஒவ்வொன்றாகப் போடத் தொடங்கினேன். 'தகரக் கூரையிலிருந்து வடிதல்' வந்தபோது அண்ணாந்து கூரையைப் பார்த்தார். லாஞ்சுச் சத்தம் வந்ததும் கையைத் தூக்கினார்.

"இது என்ன?"

"மூதூர் லாஞ்சு. ஜெட்டியை விட்டு விலகேக்கை."

"இது லாஞ்சு இல்லை."

"எனக்கு இப்பிடித்தான் கேட்டது."

"நீ வருசத்துக்கு ரெண்டு தரம் ஏறுறவன். நான் ஒவ்வொரு நாளும் எஞ்சினுக்குப் பக்கத்திலே குந்திக்கொண்டு வாறனான். விலகேக்கை முதல்லே ஒரு இருமல் வரும். அதுக்குப் பிறகுதான் இந்த உறுமல். அடியிலே இன்னும் கனம் வேணும்."

கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டார். நான் எண்ணை மாற்றினேன். "இன்னும்." மாற்றினேன். "கூடிப்போச்சு, இப்ப சிமெந்து லொறி மாதிரிக் கிடக்கு." வானொலிக்குச் சொந்தக்காரர் வந்து நின்றார். இவர் அவரையும் கேட்டார். அவர் கிண்ணியாக்காரர், தனக்கு மூதூர் லாஞ்சைப் பற்றித் தெரியாது, தன் வானொலி எப்போது கிடைக்கும் என்றார். "நாளைக்கு," என்று அனுப்பிவிட்டு நண்பர் மறுபடி என் பக்கம் திரும்பினார்.

இருமல் கடைசியாகத்தான் வந்தது. வந்ததும் இருவருக்கும் தெரிந்தது. அவர் கண்ணை மூடித் தலையை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தார், படகில் இருக்கிறவர் ஆடுவதைப்போல. அது பழைய முப்பத்து ஒன்று இல்லை என்பதும் எனக்குத் தெரிந்தது. பழையது எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்த்தேன். இந்தச் சத்தம்தான் காதுக்குள் வந்தது, அது வரவில்லை.

குறிப்பேட்டைத் திறந்தேன். அறுபத்து ஐந்து என்று புதிய இலக்கம் போட்டேன். எண்களை எழுதத் தொடங்கினேன். பாதியில் அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். கடைசி லாஞ்சுக்குப் பத்து நிமிடம் இருந்தது.

"நீ போ, நான் கடையைப் பூட்டித் திறப்பை நாளைக்குக் காலமை கொண்டுவந்து தாறன்," என்றேன்.

"இடையிலே கறன்ட் போனால்?"

"போனாலும் நிக்கும். புதுப் பற்றரி போட்டிருக்கு."

"எண்டாலும் எழுது. நான் வாசிக்கிறன், நீ எழுது."

திரையைப் பார்த்து ஒவ்வோர் எண்ணாக அவர் வாசித்தார், நான் எழுதினேன். பிறகு நான் வாசிக்க, அவர் திரையில் சரிபார்த்தார். ஓர் இடத்தில் பிழை இருந்தது, திருத்தினோம். முடிந்தபோது ஜெட்டிப் பக்கமிருந்து லாஞ்சு விலகும் சத்தம் கேட்டது. அவர் அதைக் கவனித்துக் கேட்டுவிட்டு, "கனம் சரி," என்றார்.

அன்று இரவு அவர் எங்கள் வீட்டில் தங்கினார். மனைவி வாசலில் இருவரையும் கருவியையும் பார்த்தார்.

"லாஞ்சை விட்டிட்டீங்களோ நானா?"

"இல்லை தங்கச்சி," என்றார் அவர், கருவியின் ஒரு பக்கத்தைப் பிடித்தபடி. "இதுக்குள்ளேதான் இருக்கு. வழி விடுங்க, உள்ளுக்கு வைச்சுப் போட்டுக் காட்டுறம்."